"அஞ்சு வருஷம் கழிச்சு எங்க இருப்பீங்க?" கணக்கியல் இன்டர்ன்ஷிப் இன்டர்வியூவில் நான் தோற்ற கேள்வி

மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர். கணக்கியல் கேள்விகள் எல்லாம் முடிந்திருந்தன. நேர்கோட்டு முறையில் தேய்மானம் போடுவதற்கும் குறைந்து செல் மதிப்பு முறையில் போடுவதற்கும் என்ன வித்தியாசம், முன்கூட்டிச் செலுத்திய செலவு இருப்புநிலைக் குறிப்பில் எங்கே வரும், இருப்பாய்வு இரண்டு பக்கமும் சரியாக வந்த பிறகும் உள்ளே எந்தெந்தப் பிழைகள் ஒளிந்திருக்கலாம் என்று வரிசையாகக் கேட்டார்கள். எதற்கும் திணறவில்லை. வேலை கிடைத்துவிட்டது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போது மூத்தவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "சரி, அஞ்சு வருஷம் கழிச்சு எங்க இருப்பீங்க?" என்றார்.

"ஒரு நல்ல நிறுவனத்துல மேனேஜரா இருப்பேன் சார். பத்து வருஷத்துல சிஎஃப்ஓ ஆகணும்ங்கறது என் லட்சியம்."

சிஎஃப்ஓ என்றால் தலைமை நிதி அதிகாரி. கண்ணாடி முன்னால் நின்று பழகிய பதில். தடங்கல் இல்லாமல் வந்தது.

"நல்லது. மேனேஜர் காலைல ஆபீஸுக்கு வந்ததும் என்ன வேலை பாப்பார்னு நினைக்கறீங்க?"

"டீமைப் பாத்துக்குவார் சார்."

"டீம் என்ன வேலை பாக்கும்?"

"கணக்கு... ரிப்போர்ட் எல்லாம்..." அதற்கு மேல் எனக்கு ஓடவில்லை. இளையவர் தன் தாளில் ஒரு வரி எழுதினார். இரண்டு நாள் கழித்து, வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டதாக மெயில் வந்தது.

ரொம்ப நாள் அதை நினைத்து உள்ளுக்குள் புழுங்கினேன். பாடக் கேள்விகளுக்காக மூன்று வாரம் படித்தவன், இந்தக் கேள்விக்கு ஒதுக்கியது ஒரு சாயங்காலம். அது சும்மா சம்பிரதாயத்துக்குக் கேட்பது, லட்சியம் பெரிதாகத் தெரிந்தால் போதும் என்று நம்பியிருந்தேன்.

கல்லூரியில் எனக்கு இரண்டு வருடம் மூத்த அக்கா ஒருவர் அப்போது ஆடிட், அதாவது கணக்குத் தணிக்கை, வேலையில் இருந்தார். நடந்ததை அவரிடம் சொன்னேன். அவர் உடனே ஆறுதல் சொல்லவில்லை. "நீ பதவியைச் சொல்லிட்டு வந்திருக்க. அவங்க கேட்டது வேலையை" என்றார்.

பிறகு நிதானமாக விளக்கினார். ஒரு இன்டர்னை எடுத்தால் முதல் சில வாரங்கள் கற்றுக்கொடுப்பதிலேயே போய்விடும். சீனியர் ஒருவர் தன் நேரத்தை அவருக்காகக் கொடுக்க வேண்டும். இன்டர்ன்ஷிப்பை நன்றாக முடித்தவருக்கே நிரந்தர வேலை கொடுப்பது இந்தத் துறையில் பரவலான வழக்கம். ஆகவே அவர்களுக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். இந்த வேலை உள்ளே எப்படி இருக்கும் என்று இந்தப் பிள்ளைக்குக் கொஞ்சமாவது தெரியுமா? தெரிந்த பிறகும் இருப்பானா? அஞ்சு வருஷக் கேள்வி அந்த இரண்டையும் ஒரே வீச்சில் கேட்கிறது. ஜோசியம் யாரும் எதிர்பார்க்கவில்லை.

"சரி, கணக்குல உக்காந்து நேரம் போனதே தெரியாம ஏதாவது பண்ணியிருக்கியா? அதைச் சொல்லு" என்றார் அக்கா.

யோசித்ததில் ஒன்றுதான் நினைவுக்கு வந்தது. மாணவர் மன்றத்துக்கு நான் பொருளாளராக இருந்த வருடம். ஆண்டு முடிவில் ரொக்க ஏட்டையும் வங்கி அறிக்கையையும் சரிபார்த்தேன், இருப்பு ஒத்துவரவில்லை. இரண்டு காசோலைகள் இன்னும் வங்கியில் பணமாக்கப்படவில்லை, அவற்றைக் கழித்தேன். வங்கிக் கட்டணம் ஒன்று நம் ஏட்டில் ஏறவில்லை, அதை ஏற்றினேன். அப்படியும் 1,800 இடித்தது. ரொக்க ஏட்டில் 1,800 குறைவாக இருந்தது. முதலில் பாதியைத் தேடினேன். ஒரு தொகையைத் தவறான பக்கத்தில் எழுதிவிட்டால் வித்தியாசம் இரட்டிப்பாகத் தெரியும், எனவே 900 என்று எங்காவது இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. அப்புறம்தான் வகுப்பில் சொன்னது நினைவுக்கு வந்தது: வித்தியாசம் 9ஆல் மீதியின்றி வகுபட்டால், இலக்கங்கள் இடம் மாறியிருக்கின்றனவா என்று பார். 1,800ஐ 9ஆல் வகுத்தால் 200. ஆயிரத்திலும் நூறிலும் இரண்டு எண் வித்தியாசமுள்ள இலக்கங்கள் இடம் மாறினால் சரியாக 1,800 வரும். அந்தக் கண்ணோடு பக்கங்களைப் புரட்டினேன். 4,620 என்ற ரசீதை யாரோ 6,420 என்று செலவில் எழுதியிருந்தார்கள். கையெழுத்தைப் பார்த்தேன், என்னுடையதுதான்.

அதற்கு அடுத்த மாதத்திலிருந்து ஒரு வழக்கம் கொண்டுவந்தேன். பதிவு எழுதுபவர் ஒருவர், ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பதிவுக்கு டிக் போடுபவர் இன்னொருவர்.

அக்கா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அடப்பாவி, இதைத்தான் நீ அங்க சொல்லியிருக்கணும்" என்றார். "நீ அங்க பண்ணதுக்குப் பேரு உள்கட்டுப்பாடு. நாங்க ஒவ்வொரு கிளையன்ட்கிட்டயும் போய் அது இருக்கா, ஒழுங்கா நடக்குதான்னுதான் முதல்ல பாக்கறோம்."

பாடத்தில் அந்தச் சொல்லைப் படித்திருந்தேன். நான் செய்த காரியம்தான் அது என்று அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. இன்டர்வியூவுக்குத் தயாராகும் தம்பி தங்கைகளிடம் நான் முதலில் கேட்பது இதனால்தான்: நீங்கள் கையால் செய்த ஒரு கணக்கு வேலை என்ன? சங்கக் கணக்கு, சொந்தக்காரர் கடைக்கு எழுதிக் கொடுத்த பேரேடு, வகுப்பில் ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையைப் பிரித்துப் பார்த்த ப்ராஜெக்ட், எதுவாகவும் இருக்கலாம். அதில் எந்த இடத்தில் சிக்கியது, எப்படி அவிழ்த்தீர்கள்? அதிலிருந்துதான் பாதை பற்றிய பதில் தொடங்க வேண்டும்.

அக்காவோடு உட்கார்ந்து என் பதிலை மறுபடி எழுதினேன். ஏறக்குறைய இப்படி இருந்தது:

"மன்றக் கணக்குல ஒரு பிழையைத் தேடிப்போனேன் மேடம். அதைக் கண்டுபிடிச்சதைவிட, அது மறுபடி வராம இருக்க என்ன செய்யணும்னு யோசிச்சதுதான் எனக்குப் பிடிச்சிருந்தது. அதனால ஆடிட் பக்கம் போகணும்னு நினைக்கறேன். முதல் ரெண்டு வருஷம் வவுச்சர் சரிபார்க்கறது, பாக்கி எவ்வளவுன்னு கேட்டு கடனாளிகளுக்கு உறுதிக் கடிதம் அனுப்பறது, சரக்கு எண்ணும்போது கூட நிக்கறதுன்னு அடிப்படை வேலைகளை ஒழுங்கா கத்துக்கணும். கூடவே தொழில்முறைத் தேர்வையும் எழுதணும். அஞ்சாவது வருஷத்துல ஒரு சின்ன ஆடிட்டை நானே திட்டம் போட்டு, ஜூனியர் ரெண்டு பேருக்குச் சொல்லிக் கொடுத்து முடிக்கற நிலைமையில இருக்கணும். அதுக்கு அப்புறம் உள் தணிக்கை பக்கம் போவேனான்னு இப்பவே சொல்லத் தெரியல, ஆனா அதுல ஆர்வம் இருக்கு."

சொல்லிப் பார்த்தால் ஒரு நிமிடம் கூட ஆகாது. மேனேஜர் என்ற சொல் ஒரு தடவைகூட வரவில்லை, கவனித்தீர்களா? பல ஆடிட் நிறுவனங்களில் இரண்டு மூன்று வருடத்தில் சீனியர் ஆவதும், ஐந்தாறு வருடத்தில் மேனேஜர் ஆவதும் வழக்கம். கேட்பவருக்கு அது நன்றாகத் தெரியும். "சின்ன ஆடிட்டை நானே முடிக்கணும்" என்று சொன்னால் எந்தப் படியைச் சொல்கிறீர்கள் என்பது அவருக்குத் தானாகப் புரியும்.

அடுத்த இன்டர்வியூவில் இந்தப் பதிலைத்தான் சொன்னேன். அவர்கள் கடைசி வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டார்கள். "உள் தணிக்கையில ஏன் ஆர்வம்?"

வேர்ல்டுகாம் பற்றிச் சொன்னேன். அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனம். 2002 ஜூனில் 380 கோடி டாலர் செலவைத் தவறாகக் கணக்கில் காட்டியதாக அதுவே அறிவித்தது, அடுத்த மாதமே திவால் மனு கொடுத்தது. அதைத் தோண்டி எடுத்தது சிந்தியா கூப்பர் தலைமையிலான அந்த நிறுவனத்தின் சொந்த உள் தணிக்கைக் குழு. வெளியிலிருந்து வந்த ஆடிட்டர்கள் பார்க்கத் தவறியதை உள்ளே இருந்தவர்கள் கண்டுபிடித்தார்கள் என்பது என்னை ரொம்பப் பாதித்திருந்தது. அதை அப்படியே சொன்னேன்.

"அந்தப் பதிவை எழுதிக் காட்டுங்க" என்று ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார் அந்த மேடம்.

மற்ற நிறுவனங்களின் லைன்களைப் பயன்படுத்துவதற்கு அவர்கள் கொடுத்த கட்டணம் அது, மாதா மாதம் வரும் வருவாயினச் செலவு. அதை மூலதனச் செலவாக, அதாவது சொத்து வாங்கிய செலவாக, மாற்றினார்கள். சொத்துக் கணக்கில் பற்று, செலவுக் கணக்கில் வரவு என்று எழுதினேன். "இதனால அந்த வருஷச் செலவு குறையும், லாபம் அதே அளவு கூடும். சொத்துல போனதை அடுத்தடுத்த வருஷங்கள்ல தேய்மானமா கொஞ்சம் கொஞ்சமா எழுதுவாங்க" என்றேன்.

"பணப்புழக்க அறிக்கையில என்ன ஆகும்?"

அதை நான் யோசித்ததே இல்லை. பேசாமல் இருந்தேன். அவரும் அவசரப்படுத்தவில்லை. "வெளிய போன பணம் மாறல மேடம்... ஆனா அது செயல்பாட்டுல போனதா காட்டாம... முதலீட்டுல போனதா காட்டுவாங்க" என்று இழுத்தேன். "அப்போ?" என்றார். "செயல்பாட்டுப் பணப்புழக்கம் நல்லா இருக்கற மாதிரி தெரியும்." அவர் சிரித்தார். அந்த இன்டர்ன்ஷிப் கிடைத்தது.

இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. இப்படி ஒரு சம்பவத்தைச் சொல்வதென்றால் அதன் பதிவு வரை தெரிந்திருக்க வேண்டும். எங்கோ படித்த தலைப்பை மட்டும் தூக்கிக்கொண்டு போனால் இரண்டாவது கேள்வியிலேயே கீழே வைக்க வேண்டியிருக்கும். எனக்கு மூன்றாவது கேள்வியில் தெரியாமல் போனது பெரிய குறையாகப் படவில்லை. முதல் இரண்டும் தெரிந்திருந்ததால் மூன்றாவதை அங்கேயே யோசித்து எடுக்க முடிந்தது.

வருடங்கள் போய், இப்போது நானே மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து இன்டர்ன்களைத் தேர்ந்தெடுக்கிறேன். ஒவ்வொருவர் பேசும்போதும் தாளில் அவர் சொல்லும் வினைச்சொற்களை மட்டும் குறித்துக்கொள்வேன், எனக்கு அது பழகிவிட்டது. "ஆகணும்", "வளரணும்", "அடையணும்", "கத்துக்கணும்" என்று மட்டும் இருந்தால் அந்தத் தாளைத் திரும்பப் பார்க்கும்போது ஆளின் முகம்கூட நினைவுக்கு வராது. "ஒப்பிட்டேன்", "எண்ணினேன்", "தேடினேன்", "கேட்டேன்" என்று இருந்தால் ஆள் அப்படியே கண் முன்னால் நிற்பார். "கத்துக்கணும்" தப்பான சொல் இல்லை. ஆனால் எல்லோரும் சொல்கிறார்கள். எதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அடுத்த மூச்சிலேயே வந்துவிட வேண்டும்.

பாதையைப் பற்றி அடிக்கடி வரும் இன்னொரு கேள்வி: "ஆடிட்டா, டாக்ஸா, இல்ல கம்பெனிக்குள்ள அக்கவுண்ட்ஸா?" இதில்தான் நல்ல மாணவர்கள்கூட மாட்டிக்கொள்கிறார்கள். முடிவெடுக்காமல் போனால் தெளிவில்லாதவர் என்று நினைப்பார்களோ என்று பயந்து, அந்த நிறுவனம் எதைச் செய்கிறதோ அதையே தன் வாழ்நாள் கனவு என்கிறார்கள். கேட்கும்போதே தெரிந்துவிடும். முடிவெடுக்காமல் இருப்பதில் தவறே இல்லை. ஆனால் எவற்றுக்கிடையே முடிவெடுக்கவில்லை என்பதாவது தெரிந்திருக்க வேண்டும். அதற்கு அந்தந்த வேலையின் அன்றாடம் தெரிய வேண்டும்.

ஆடிட்டில் நீங்கள் அடுத்தவர் எழுதிய கணக்கை நம்பாமல் தொடங்குகிறீர்கள். ஒரு விற்பனையை எடுத்தால் அதன் பில், ஆர்டர், சரக்கு போய்ச் சேர்ந்த ரசீது மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று பார்ப்பீர்கள். கடனாளிகளுக்குக் கடிதம் போகும். பதில் கம்பெனிக்குப் போகாமல் நேராக ஆடிட்டருக்கு வர வேண்டும், இடையில் யாரும் திருத்திவிடக் கூடாது என்பதற்காக. குழுவாக வேலை, வேறு வேறு கிளையன்ட் இடங்கள். டிசம்பரில் ஆண்டு முடிக்கும் கம்பெனிகள் என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை தலைக்கு மேல் வேலை. டாக்ஸில் சட்டத்தை வாசிக்க வேண்டும், ஒரே விஷயத்தில் ஆழமாக இறங்க வேண்டும், எழுத்தில் தெளிவாக விளக்க வேண்டும். கடைசி நாளைச் சட்டமே நிர்ணயித்துவிடும், நம் இஷ்டத்துக்குத் தள்ளிப்போட முடியாது. கம்பெனிக்குள் இருந்தால் மாதக் கடைசி கணக்கு முடிப்பு, கொடுபட வேண்டிய செலவுகளைக் கணித்து ஏற்றுவது, பட்ஜெட்டுக்கும் நடந்ததற்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று பிரிவுத் தலைவர்களிடம் போய்க் கேட்பது. ஒரே நிறுவனத்தை மாதா மாதம் பார்ப்பதால், நீங்கள் கொடுத்த எண்ணை வைத்து எடுத்த முடிவு என்ன ஆனது என்பதையும் பார்க்கலாம். ஆடிட்டில் அது கிடைப்பது அரிது.

இதெல்லாம் தெரிந்த ஒருவர் சென்ற முறை வந்த இன்டர்வியூவில் சொன்னார்: "ஆடிட்டா டாக்ஸான்னு இன்னும் முடிவு பண்ணல சார். நிறைய கம்பெனிகளைக் கொஞ்சம் கொஞ்சமா பாக்கறது எனக்குப் பிடிக்குமா, ஒரே கேஸை ஆழமா பாக்கறது பிடிக்குமான்னு இன்னும் எனக்கே தெரியல. இந்த மூணு மாசத்துல அதைத் தெரிஞ்சுக்கணும்னு வந்திருக்கேன்." அதைவிட நேர்மையான பதிலை நான் கேட்டதில்லை. எங்கள் மூன்று பேருக்கும் அவரை உடனே பிடித்துப் போயிற்று.

இதோடு ஒட்டியே வரும் ஒரு தர்மசங்கடம்: நான் ஆடிட்டில் சில வருடம் இருந்துவிட்டு கம்பெனிக்குள் போகத்தான் விரும்புகிறேன், அதை ஆடிட் நிறுவனத்திடமே சொல்லலாமா? பொய் சொல்லாதீர்கள் என்றுதான் நான் சொல்வேன். தகுதி பெற்ற பிறகு பலர் அப்படித்தான் போகிறார்கள், எதிரே இருப்பவருக்கும் அது தெரியும், அவருடைய நண்பர்களே போயிருப்பார்கள். ஆனால் "இங்க ஒரு படிக்கட்டு மாதிரி" என்ற தொனி வந்துவிடக் கூடாது. அது கற்றுக்கொடுப்பவரின் உழைப்பை மதிக்காத பேச்சு. இங்கே இருக்கும் காலத்தில் என்ன கொடுப்பீர்கள், எந்த அளவு வேலையை எடுத்துக்கொள்ளும் வரை இருப்பீர்கள் என்பதில் நின்று பேசுங்கள். அதற்கு அப்பால் கேட்டால் விருப்பத்தைச் சொல்லுங்கள்.

தொழில்முறைத் தேர்வு பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். "ஏசிசிஏ பண்ணப் போறேன் சார், ஒரே வருஷத்துல முடிச்சிடுவேன்" என்று ஒரு தம்பி சொன்னார். ஏசிசிஏ என்பது பிரிட்டனைச் சேர்ந்த கணக்காளர் தகுதி, அதில் 13 தாள்கள். பட்டப்படிப்பைப் பொறுத்துச் சிலவற்றுக்கு விலக்கு கிடைக்கும், அது வேறு. ஆனால் தேர்வுகளை எவ்வளவு வேகமாக முடித்தாலும் 36 மாத நடைமுறை அனுபவம் இல்லாமல் உறுப்பினர் ஆக முடியாது. அந்தத் தம்பிக்கு அது தெரியவில்லை. தெரிந்திருந்தால் எங்களிடம் கேட்க ஒரு அருமையான கேள்வி அவருக்குக் கிடைத்திருக்கும்: "இந்த இன்டர்ன்ஷிப் மாதங்கள் அந்த அனுபவத்துல சேருமா? கையெழுத்துப் போடற மேற்பார்வையாளர் யார்?" அமெரிக்கக் கணக்காளர் தகுதியான சிபிஏ என்றால் 2024 ஜனவரியிலிருந்து அமைப்பே மாறிவிட்டது. மூன்று அடிப்படைத் தாள்கள் எல்லோருக்கும் பொது, நான்காவதை மூன்று சிறப்புத் துறைகளிலிருந்து நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த நான்காவது தாளே உங்கள் பாதையைச் சொல்லிவிடும், "நீங்க எதை எடுப்பீங்க, ஏன்?" என்ற கேள்விக்கு ஆயத்தமாகப் போங்கள். உள் தணிக்கைக்கான சிஐஏவில் மூன்று பகுதிகள், மேலாண்மைக் கணக்கியலுக்கான அமெரிக்க சிஎம்ஏவில் இரண்டு. எதைச் சொன்னாலும் அடுத்து எழுதப் போகும் தாளின் பெயரையும், எப்போது எழுதுவீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நான்கு தகுதிகளின் பெயரை அடுக்குவதைவிட அது பல மடங்கு மேல்.

"ஏன் கணக்கியல்?" என்பதற்கு "எனக்கு எண்கள் பிடிக்கும்" என்று சொல்பவர்கள் மிக அதிகம். இந்த வேலையில் கணிதம் கொஞ்சம்தான். கூட்டல் கழித்தலை மென்பொருள் பார்த்துக்கொள்கிறது. 1494இல் வெனிஸில் லூக்கா பாச்சோலி இரட்டைப் பதிவு முறையை அச்சில் விளக்கியதிலிருந்து தொடங்குபவர்களும் உண்டு. கேட்க நன்றாக இருக்கும், அவர்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. நிலையான வேலை வேண்டும் என்பதுதான் உங்கள் உண்மையான காரணமா? தாராளமாகச் சொல்லலாம். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. நிலையான வேலைகள் வேறு எத்தனையோ இருக்க இதை ஏன் எடுத்தீர்கள் என்ற இரண்டாவது பாதியையும் சேர்த்துச் சொன்னால் போதும்.

சமீப காலமாக ஒரு கேள்வி புதிதாகச் சேர்ந்திருக்கிறது. "இதெல்லாம் மென்பொருளே செஞ்சிடும்னு சொல்றாங்களே, நீங்க எந்தத் தைரியத்துல இந்தப் பாதையில வர்றீங்க?" இதை நானே கேட்கிறேன், மிரட்டுவதற்காக இல்லை. இன்று வங்கி அறிக்கையையும் ரொக்க ஏட்டையும் மென்பொருள் நொடியில் ஒப்பிட்டுவிடும். என் 1,800ஐ அது உடனே காட்டியிருக்கும். ஆனால் டிசம்பர் 31 அன்று கிளம்பிய சரக்கு வாங்குபவரின் கட்டுப்பாட்டுக்கு எப்போது போனது, இந்த வருட விற்பனையா அடுத்த வருட விற்பனையா என்பதற்கு ஒப்பந்தத்தை வாசிக்க வேண்டும், டெலிவரி ரசீதைப் பார்க்க வேண்டும், சில நேரம் கிடங்கில் இருப்பவரிடம் போய்க் கேட்க வேண்டும். 2018இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச நிதி அறிக்கைத் தரநிலையான ஐஎஃப்ஆர்எஸ் 15 ஐந்து படிகளில் வருவாயைப் பதிவு செய்யச் சொல்கிறது. ஒவ்வொரு படியிலும் யாரோ ஒருவர் தீர்மானிக்க வேண்டிய இடம் இருக்கிறது. வாராக்கடனுக்கு எவ்வளவு ஒதுக்குவது என்பதும் அப்படித்தான். இப்படி ஒரு இடத்தைக் காட்டிப் பேசுங்கள். "மனிதனை இயந்திரத்தால் வெல்ல முடியாது" என்பது போன்ற பேச்சு அங்கே எடுபடாது.

வேறு துறையிலிருந்து வந்தவர்களும், மதிப்பெண் குறைந்தவர்களும் அதை மூடி மறைக்கப் பெரும்பாடு படுகிறார்கள். இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டு வேலைக்கு வாருங்கள். நாங்கள் அதிலேயே நிற்பதில்லை, நீங்கள் நிற்பதால்தான் நாங்களும் நிற்கிறோம்.

பயிற்சி எடுக்கும் முறை பற்றி ஒன்று மட்டும். பதிலை வரிக்கு வரி மனப்பாடம் செய்யாதீர்கள். நான் முதல் முறை செய்தது அதுதான், ஒரு குறுக்குக் கேள்வியில் முழுக்கட்டடமும் சரிந்தது. நீங்கள் செய்த அந்த ஒரு வேலையை, கணக்கே தெரியாத ஒருவருக்கு வாய்விட்டு விளக்குங்கள். அவர் "அப்புறம்?", "ஏன்?" என்று நடுவில் கேட்கட்டும். என் தங்கச்சிக்கு 9ஆல் வகுக்கும் கதையை மூன்று தடவை சொன்னேன். முதல் தடவை அவளுக்குப் புரியவில்லை. மூன்றாவது தடவை அவளே ஒரு காகிதத்தில் 52ஐயும் 25ஐயும் எழுதிக் கழித்து, "27, ஆமாண்ணா, வகுபடுது" என்றாள். அதற்குப் பிறகு எந்த அறையில் யார் கேட்டாலும் எனக்குத் தடுமாறவில்லை.

கடைசியில் "எங்ககிட்ட ஏதாவது கேக்கணுமா?" என்பார்கள். இதுவும் பாதை பற்றிய கேள்விதான், திசை மட்டும் மாறியிருக்கிறது. இந்த வருடம் வந்தவர்களில் பதற்றமாக இருந்த ஒரு பெண் ஆரம்பத்தில் தட்டுத்தடுமாறித்தான் பேசினாள். இந்த இடத்துக்கு வந்ததும் மடித்து வைத்திருந்த சிறு தாளைப் பிரித்து, "முதல் வாரம் எனக்கு என்ன வேலை கொடுப்பீங்க மேடம்? அதுல இன்டர்ன்ஸ் வழக்கமா எந்த இடத்துல தப்பு பண்ணுவாங்க?" என்று என் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டாள்.

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். கடனாளிகள் பட்டியலிலிருந்து உறுதிக் கடிதங்கள் தயார் செய்யும் வேலை என்றார். முகவரியை கிளையன்ட் கொடுத்தபடியே எடுத்துக்கொள்வார்கள், அது உண்மையான முகவரிதானா என்று தனியாகச் சரிபார்க்க மறந்துவிடுவார்கள், அங்கேதான் தப்பு நடக்கும் என்றார். "எப்படிச் சரிபார்க்கணும்?" என்றாள் அவள். பத்து நிமிடம் இருவரும் அதையே பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் அந்தத் தாளிலேயே குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள்.

வெளியே அடுத்தவர் காத்துக்கொண்டிருந்தார். நான் கதவைத் திறந்து, இன்னும் கொஞ்ச நேரம் ஆகும், உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.